தொட்டிலோடு நின்ற கணக்கு

1992ல் தமிழ்நாடு அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியபோது அதற்கென்று பொறுக்கி எடுத்த மாவட்டம் சேலம். நாமக்கல்லும் அப்போது சேலத்தோடுதான் இருந்தது. பெண் குழந்தை வேண்டாம் என்றால் கொன்றுவிடாதீர்கள், தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள், பேர் கேட்க மாட்டோம், ஊர் கேட்க மாட்டோம் என்று ஓர் அரசாங்கம் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய நிலைக்கு இந்த மாவட்டம் வந்து சேர்ந்திருந்தது. அதற்கு முந்தைய வருடம் எடுத்த மக்கள்தொகைக் கணக்கில், இங்கே ஆறு வயது வரையிலான ஆண் பிள்ளைகள் ஆயிரம் பேருக்குப் பெண் பிள்ளைகள் 849 பேர். ஒன்பது வருடம் தொட்டில் ஆடிய பிறகு, 2001ல், 851.

சேலத்துச் செவ்வாய்ப்பேட்டைக்காரர்களாகிய நாம் அந்தத் தொட்டிலைப் பற்றி இரண்டு விதமாகத்தான் பேசியிருக்கிறோம். ஒன்று, அதெல்லாம் மேட்டூர்ப் பக்கம், எடப்பாடிப் பக்கம், படிக்காத சனங்க விவகாரம். இரண்டு, எப்படியோ கவர்ன்மென்ட் தொட்டில் வெச்சிருச்சு, புள்ளைங்க பொழைச்சுக்கிச்சு. பிழைத்த பிள்ளை வளரும், அதற்குப் பதினெட்டு வயது முடியும், ஒரு நாள் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு இல்லத்து வாசலைத் தாண்டி வந்து தெருவில் நிற்கும் என்ற மூன்றாவது பேச்சு நம் கடைவீதியில் எழுந்ததே கிடையாது. 1992ல் தொட்டிலில் விழுந்த குழந்தைக்கு 2010லேயே பதினெட்டு முடிந்துவிட்டது. தத்துப் போனவர்கள் போக, போகாதவர்கள் எங்கே என்று நாம் யாரையும் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியில்தான் வனெஸ்ஸா டிஃபன்பா தன் நாவலைத் தொடங்குகிறார். 2011ல் வந்த 'தி லாங்குவேஜ் ஆஃப் ஃபிளவர்ஸ்' கதையின் நாயகி விக்டோரியா ஜோன்ஸ், கைக்குழந்தையிலிருந்து அரசுக் காப்பில் வளர்ந்தவள். ஒரு வளர்ப்பு வீடு, அங்கிருந்து இன்னொரு வீடு, அவர்கள் திருப்பி அனுப்பினால் இல்லம், மறுபடி வேறொரு வீடு. பதினெட்டாவது பிறந்தநாளோடு அரசாங்கத்தின் பொறுப்பு முடிகிறது. சமூகப் பணியாளர் அவளைக் காரில் ஏற்றிப்போய் ஒரு விடுதியில் விடுகிறார். சில மாதத்துக்குத்தான் வாடகை கட்டியிருக்கிறது. அதுவும் தீர்ந்ததும் சான்பிரான்சிஸ்கோவில் ஒரு பூங்காவின் புதர்களுக்கு நடுவே படுத்துக்கொள்கிறாள்.

அவளுக்குத் தெரிந்த ஒரே வித்தை பூ. எந்தப் பூவைக் கொடுத்தால் என்ன சொன்னதாக அர்த்தம் என்ற கணக்கு அவளுக்கு அத்துப்படி. அதைக் கற்றுக்கொடுத்தவர் எலிசபெத். தனியாக வாழ்ந்த, திராட்சைத் தோட்டம் வைத்திருந்த பெண்மணி. விக்டோரியாவின் ஒன்பது, பத்து வயதில் அவளை எடுத்து வளர்த்தவர். தத்தெடுக்கக் கோர்ட்டுக்குப் போக வேண்டிய நாளில் எலிசபெத்தால் படுக்கையிலிருந்து எழுந்து வர முடியாமல் போகிறது. அந்த ஒரு நாள் சறுக்கல், அதைத் தொடர்ந்து சிறுமி வைத்த ஒரு தீ. வாழ்நாளில் கிடைத்த ஒரே வீடு அப்படித்தான் போனது. பிறகு விக்டோரியா தன்னை நெருங்குகிறவர்களுக்கெல்லாம் முட்செடியைக் கொடுக்கிறாள். மனுசங்களே வேண்டாம் என்பது அதன் பொருள். வாங்குகிறவர்களுக்கு அது விளங்காது என்பதில் அவளுக்கு ஒரு சந்தோஷம்.

நாவலில் நமக்குத் தேவையான ஆள் ரெனாட்டா என்ற பூக்கடைக்காரி. பூங்காவில் தூங்கி எழுந்து மண் ஒட்டிய துணியோடு வந்து நிற்கிற பெண் ஒரு பூங்கொத்தைக் கட்டிக் காட்டுகிறாள். ரெனாட்டா அந்தக் கட்டைப் பார்க்கிறார். கைவேலை பிடித்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கல்யாண வேலை இருக்கிறது, விடியற்காலையில் வா என்கிறார். கூலியை நோட்டாக எண்ணிக் கொடுக்கிறார். விலாசம் கேட்கவில்லை. அப்பா பேர் கேட்கவில்லை. ராத்திரி எங்கே படுக்கிறாய் என்றுகூட நோண்டிக் கேட்கவில்லை. நாவல் முழுவதிலும் அந்தப் பெண்ணின் தலைவிதியைத் திருப்பிய காரியம் இதுதான். மற்றபடி, விக்டோரியா கட்டிக் கொடுத்த பூவால் பிரிந்த தம்பதிகள் சேர்கிறார்கள், வாடிக்கையாளர் கூட்டம் மொய்க்கிறது என்று போகிற பகுதி கொஞ்சம் மந்திரக் கதைதான். முடிவிலும் எல்லா நூலும் கையில் வந்து சேர்ந்துவிடுகிறது. வாழ்க்கையில் அப்படிச் சேருவதில்லை என்று ஆசிரியருக்கே தெரிந்திருக்க வேண்டும். தானே வளர்ப்புத் தாயாக இருந்தவர் அவர். நாவல் வந்த அதே ஆண்டில், இப்படிக் காப்பிலிருந்து வெளியே வரும் இளைஞர்களுக்காகக் கமேலியா நெட்வொர்க் என்ற அமைப்பையும் சேர்ந்து தொடங்கினார்.

இந்தக் கதையை நம்மிடம் சொன்னால் முதலில் பொங்கி வருவது பெருமை. 'பூவுக்கு அர்த்தமா? அது நம்ம ஊட்டுச் சமாச்சாரமாச்சே' என்போம். சார்லட் த லத்தூர் பாரிசில் பூமொழிப் புத்தகம் போட்டது 1819ல். கேட் கிரீனவே லண்டனில் படம் போட்ட அகராதி கொண்டுவந்தது 1884ல். நாமோ ஆநிரை கவர வெட்சி, மீட்கக் கரந்தை, கோட்டையை வளைக்க உழிஞை, நேருக்கு நேர் மோதத் தும்பை, வென்றால் வாகை என்று போரையே பூவால் பிரித்து வைத்தவர்கள். கபிலர் ஒரே பாட்டில் தொண்ணூற்றொன்பது பூவை அடுக்கியவர். எல்லாம் சரி. ஆனால் ஒரு அநாதைப் பெண்ணைப் பற்றிய பேச்சைத் தொல்காப்பியத்தின் தொன்மைக்குத் திருப்பிவிட நமக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை என்பதையும் சேர்த்தே எழுதிக்கொள்ள வேண்டும். பழம்பெருமை நமக்கு நல்ல மறைவிடம்.

நாவலின் பிற்பாதியில் விக்டோரியாவுக்கே ஒரு பெண் குழந்தை பிறக்கிறது. யாரிடமும் சொல்லாமல் தனியாக வளர்க்கப் பார்க்கிறாள். தூக்கமில்லை, கையில் காசில்லை, பால் கொடுத்துக் கொடுத்து உடம்பு சோர்ந்துபோகிறது. தன்னிடம் இருந்தால் குழந்தை கெட்டுவிடும் என்ற பயம் அவளைப் பிடித்துக்கொள்கிறது. ஒரு கூடையில் பாசியைப் பரப்பி, அதில் குழந்தையைக் கிடத்தி, அதன் தகப்பன் வீட்டில் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். பாசிக்கு அவளுடைய அகராதியில் தாயன்பு என்று பொருள்.

அந்தக் கூடையும் நம் ஊர்த் தொட்டிலும் வேறு வேறல்ல. ஆனால் விக்டோரியாவுக்காகக் கண் கலங்குகிற நாம், தொட்டிலில் போட்டுவிட்டுப் போன தாய்க்கு வைத்த பேர் கல்நெஞ்சக்காரி. மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்த மறுநாள், தையல் காயாத உடம்போடு, மாமியார் பின்னால் வர அரசு ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தவளுக்கு அந்தப் பேர். 'இன்னொரு பொட்டப்புள்ளையோட வாசப்படி ஏறாத' என்று சொன்ன புருஷனுக்கு நாம் எந்தப் பேரும் வைக்கவில்லை. அவன் செவ்வாய்க்கிழமை சந்தைக்கு வந்தான், லீ பஜாரில் மூட்டை இறக்கினான், நம் கடையில் டீ குடித்தான். 'என்னப்பா, வீட்டுல என்ன குழந்தை?' என்று கேட்டோம். 'பொறந்து செத்துப்போச்சுங்க' என்றான். அச்சச்சோ என்றோம். அதற்குமேல் கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரிந்திருந்ததால்தான் அச்சச்சோவோடு நிறுத்திக்கொண்டோம். 1994ல் பாரதிராஜாவின் 'கருத்தம்மா' வந்தபோது படத்தைப் பார்த்து அழுதுவிட்டு, அது மதுரைச் சீமைக் கதை என்று வெளியே வந்தோம். தொட்டிலை அரசு முதலில் எந்த மாவட்டத்தில் வைத்தது என்பதை அப்போது நம்மில் ஒருவரும் ஞாபகப்படுத்தவில்லை.

கருவிலேயே ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதைத் தடுக்கும் சட்டமும் அதே 1994ல்தான் வந்தது. அதன் பிறகு பெண் சிசுவின் வாயில் விட்ட எருக்கம்பாலுக்கு வேலை குறைந்தது, ஸ்கேனுக்குக் கூடியது. அதில் படித்தவர்கள், படிக்காதவர்கள் என்ற பேதமெல்லாம் கிடையாது. செவ்வாய்ப்பேட்டைக்கும் அதில் பங்கு உண்டு. இதற்குமேல் இதில் விளக்கம் வேண்டியதில்லை.

நம் தொழிலை வைத்தே ஒரு கணக்குப் போடலாம். செவ்வாய்ப்பேட்டை என்றால் வெளியூர்க்காரனுக்கு வெள்ளிக் கொலுசு. ஒரு வீட்டில் கம்பி இழுப்பார்கள், இன்னொரு வீட்டில் பொடி வைத்து ஊதிப் பற்றவைப்பார்கள், அடுத்த வீட்டில் மணி கோப்பார்கள், நான்காவது வீட்டில் மெருகு போடுவார்கள். ஒரு ஜோடி கொலுசு தராசுக்கு வருவதற்குள் அரைத் தெருவைச் சுற்றிவிடும். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தைக்குப் போடுகிற சின்னக் கொலுசு, தவழும்போது சத்தம் கேட்கட்டும் என்று மணி கூட்டி வைத்தது, வயதுக்கு வந்ததும் தாய்மாமன் கொண்டுவருகிற கனத்த கொலுசு, கல்யாணக் கொலுசு என்று நம் பிழைப்பு மொத்தமும் பெண் பிள்ளையின் கணுக்காலில் நின்றது. எந்த வியாபாரியும் தன் சரக்கு போகிற இடத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பான். ஆயிரத்துக்கு நூறு ஜோடிக் கால்களாவது நம் மாவட்டத்திலேயே குறைந்து போயின. நமக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதைவிட, ஆர்டர் ஆந்திராவிலிருந்தும் மகாராஷ்டிராவிலிருந்தும் வந்துகொண்டிருந்ததால் கவலையில்லை என்பதே சரி. அந்தப் பட்டறைகளில் ஊதுகுழல் பிடித்த சின்னக் கைகளைப் பற்றியும் வெளியாட்கள் வந்து கணக்கெடுத்த பிறகுதான் நாம் வாயைத் திறந்தோம்.

பூவுக்கு வருவோம். நம் ஆடித் திருவிழா தொடங்குவதே பூச்சாட்டுதலில். கோட்டை மாரியம்மன் தலைமையில் எட்டுப் பேட்டை அம்மன்களுக்கும் அந்த ராத்திரி தட்டுத் தட்டாகப் பூ வந்து இறங்கும். மேளத்தோடு, பட்டாசோடு, வீதி வீதியாகப் பூத்தட்டுகள். அதன் பிறகு கம்பம் நடுவது, சக்தி அழைப்பு, உருளுதண்டம், பொங்கல், வண்டி வேடிக்கை. பனமரத்துப்பட்டிப் பக்கத்து அரளி, சம்பங்கி, குண்டுமல்லி எல்லாம் விடிவதற்கு முன்பே வ.உ.சி. மார்க்கெட்டில் சாக்கும் கூடையுமாக வந்து இறங்கிவிடும். ஆடியில் அன்றைக்கு விலை என்ன என்று கேட்கவே பயமாக இருக்கும். கேட்டாலும் வாங்காமல் வர மாட்டோம்.

மாரியம்மனுக்கு உகந்தது அரளி. கிரீனவேயின் அகராதியில் அரளிக்கு எச்சரிக்கை, உஷாராக இரு என்று பொருள். நம் மாவட்டத்தில் பிறந்த பெண் சிசுக்களின் வாயில் விட்ட பொருள்களில் அரளி விதையும் ஒன்று. மாலைக்கு வருகிற செவ்வரளி வேறு, அரைத்துக் கொடுத்த மஞ்சள் அரளி வேறு செடி என்று விவரம் தெரிந்தவர்கள் திருத்துவார்கள். திருத்தட்டும், இரண்டுமே விஷம்தான். ஒரே பேருள்ள செடியை ஒரு கையால் அம்மன் கழுத்துக்கும் இன்னொரு கையால் பிள்ளை வாய்க்கும் கொண்டுபோன ஊரில், அந்த அம்மனிடம் நாம் கேட்டது எல்லாம் மழையும் வியாபாரமும்.

ஆனாலும் பூ விஷயத்தில் நம் பெரிய குற்றம் அரளி இல்லை. உறவு இருக்கிறவளுக்கு மட்டும்தான் பூ என்று ஏற்பாடு செய்து வைத்திருக்கிறோமே, அதுதான். பெண் பெரியவளானால் பூ ஜடை தைக்கிறோம். வாழைமட்டைத் துண்டில் மல்லிகையை நெருக்கி நெருக்கித் தைத்து, நடுநடுவே கனகாம்பரமும் ஜிகினாவும் வைத்து, பின்னலின்மேல் கட்டி, ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போய்ப் பின்னால் ஒரு கண்ணாடியை நிறுத்தி முகமும் ஜடையும் ஒரே படத்தில் விழுகிற மாதிரி போட்டோ எடுக்கிறோம். நம் வீட்டு அலமாரிகளில் அம்மாவுக்கு ஒன்று, அத்தைக்கு ஒன்று என்று அந்த போட்டோக்கள் இருக்கின்றன. இல்லத்தில் வளர்ந்த பெண்ணிடம் அப்படி ஒரு போட்டோ இருக்கிறதா என்று நம்மில் யாரும் கேட்டதில்லை. சம்பந்தம் பேசி முடிந்தால் மாப்பிள்ளை வீட்டார் பூ வைக்க வருகிறார்கள். வருகிறவர்களை வாங்க என்று கூப்பிட ஒரு அப்பா வேண்டும், தட்டு வாங்க ஒரு தாய்மாமன் வேண்டும். இரண்டும் இல்லாதவளுக்குப் பூ வைக்க வருகிறவர் யார்? ஆதரவில்லாத பெண்ணைக் கட்டிக்கொள்ளத் தயார் என்று முன்வருகிற மாப்பிள்ளைகளைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், முதல் தாரம் போனவர்கள், வயது கூடியவர்கள், வேறெங்கும் பெண் கிடைக்காதவர்கள். அதையும் 'வாழ்வு கொடுத்தான்' என்றே சொல்கிறோம்.

நாம் இல்லங்களுக்குப் போகாதவர்கள் இல்லை. அதையும் சொல்ல வேண்டும். போகிறோம், நிறையவே போகிறோம். பிள்ளைக்குப் பிறந்தநாள், அப்பாவுக்குத் திதி, கல்யாண நாள் என்றால் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டிவிட்டுக் குடும்பத்தோடு போய் நிற்கிறோம். பிள்ளைகள் வரிசையில் உட்கார்ந்திருக்கும். தட்டில் கேசரி விழுந்திருக்கும், கை வைக்கக் கூடாது. நாம் கேக் வெட்டி முடித்து, போட்டோ எடுத்து முடித்து, அவர்கள் நமக்காக ஒரு பாட்டுப் பாடி முடித்த பிறகுதான் கை வைக்கலாம். கேசரி ஆறியிருக்கும். கிளம்பும்போது நம் பிள்ளையிடம், 'பாத்தியா, இவங்களுக்கெல்லாம் யாருமே இல்ல, உனக்கு எல்லாம் இருக்கு' என்று அந்தப் பிள்ளைகளின் காதில் விழவே சொல்கிறோம். அந்த வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு குழந்தையின் பேர் இன்று நமக்கு ஞாபகம் இல்லை. அடுத்த வருடம் அதே தேதிக்கு அதே குழந்தையைப் போய்ப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர் என்று விரல்விட்டால், மடக்க விரல் கிடைக்காது.

சட்டம் இந்த விஷயத்தில் நம்மைவிடக் கொஞ்சம் யோசித்திருக்கிறது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 46ஆம் பிரிவு, பதினெட்டு முடிந்து இல்லத்தை விட்டு வருகிறவர்களுக்குப் பண உதவி அளிக்கலாம் என்கிறது. அளித்தே ஆக வேண்டும் என்று இல்லை. 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகள் பின்பராமரிப்பை 21 வயது வரைக்கும், தவிர்க்க முடியாத நிலையில் 23 வரைக்கும் நீட்டுகின்றன. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய் என்று ஒரு தொகை இருக்கிறது. செவ்வாய்ப்பேட்டையில் ஒற்றை அறைக்கு அட்வான்ஸ் கொடுத்து, வாடகை கட்டி, மூன்று வேளை சாப்பிட்டுப் பார்த்தால் 4,000 எத்தனையாம் தேதி வரைக்கும் வரும் என்று கடைக்காரர்களான நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

பணம் இருந்தாலும் அறை கிடைக்க வேண்டுமே. வேலைக்குப் போகிற ஒரு பெண் நம் தெருவில் வீடு கேட்டு வந்தால் நடக்கிற பேச்சு எப்போதும் ஒரே மாதிரிதான்.

'சொந்த ஊரு எது கண்ணு?'

'சேலந்தாங்க.'

'சேலத்துல எங்க? அப்பா என்ன பண்றாரு?'

'அப்பா அம்மா இல்லைங்க. ஹோமுல வளந்தேன்.'

'ஓ... அப்படியா. எங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்றேன் சாமி.'

கேட்டுவிட்டுச் சொன்னவர்கள் கிடையாது. 'டு லெட்' போர்டு அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும். வேலையும் இதே கதைதான். வெள்ளிப் பட்டறையில் சேர ஜாமீன் வேண்டும், ஜவுளிக்கடையில் சேர ரெண்டு பேர் சிபாரிசு வேண்டும். நம்பிக்கையான ஆள் என்றால் நமக்குத் தெரிந்த ஆளின் மகள் என்று பொருள். பூ மார்க்கெட்டில் மட்டும் வாசல் கொஞ்சம் திறந்திருக்கிறது. கிலோவுக்கு இவ்வளவு என்று தொடுத்துக் கொடுக்கிற வேலைக்கு யாரும் ரேஷன் கார்டு கேட்பதில்லை. வாழைநாரைத் தண்ணீரில் நனைத்துக் கிழித்து, இந்தப் பக்கம் ரெண்டு மொட்டு அந்தப் பக்கம் ரெண்டு மொட்டு வைத்து, ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தால் பூ நசுங்கக் கூடாது, நழுவவும் கூடாது. கை வந்துவிட்டால் பேசிக்கொண்டே முழம் முழமாக இறங்கும். ஆனால் அந்தக் கூலியில் யாரும் வாடகை கட்ட முடியாது. இன்னொருவர் சம்பளத்தில் நிற்கிற வீட்டுக்கு உப்புப் புளிக்காகத் தொடுக்கிற பூ அது.

ஆதரவற்ற குழந்தையைக் கொண்டாடத் தெரியாத சாதியல்ல நாம். துளசிச் செடியடியில் கண்டெடுத்த குழந்தையைப் பூமாலை கட்டுகிற ஒருவர் வளர்த்தார், அவள் சூடிய மாலையைத்தான் பெருமாள் கேட்டு வாங்கினார் என்று மார்கழி முப்பது நாளும் சொல்கிறோம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆண்டாள் மாலை இன்றும் திருப்பதிக்குப் போகிறது, மதுரை அழகருக்குப் போகிறது. அந்தக் கதை நமக்கு லேசானது. மணிமேகலையில் வருகிற ஆபுத்திரன் கதைதான் கஷ்டம், அதனால்தான் அதை அதிகம் சொல்வதில்லை. பெற்ற தாய் சாலி ஒரு தோட்டத்தில் விட்டுப்போனாள். ஏழு நாள் ஒரு பசு நக்கிப் பால் கொடுத்துக் காத்தது. அந்த வழியே வந்த இளம்பூதி எடுத்துப்போய் மகன் என்றே வளர்த்தான், வேதம் சொல்லிக்கொடுத்தான். எல்லாம் நல்லபடியாகப் போனது. வேள்விக்குக் கட்டியிருந்த பசுவைப் பையன் அவிழ்த்துவிட்ட அன்று, ஊர் கூடி அவன் பிறப்பை இழுத்தது. வளர்த்த தகப்பனே வெளியே போ என்றான். அத்தனை வருடம் வளர்த்த கைக்கு, பிறப்பைப் பற்றிய ஒரு பேச்சு போதுமானதாக இருந்தது.

அந்த ஊரை, மணிமேகலை எழுதிய சாத்தனார் எங்கே வைத்தார் என்பது இருக்கட்டும், பேச்சு நம் திண்ணைகளில் நடந்ததுபோல இருக்கிறது. தத்தெடுத்த வீடுகளில் பிள்ளை சின்னத் தப்புப் பண்ணினாலும் 'யார் ரத்தமோ' என்று சொல்கிற அத்தைகள் நம்மிடம் உண்டு. விக்டோரியாவும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தப்புக்குத்தான் திருப்பி அனுப்பப்பட்டாள். பெற்ற பிள்ளை வீட்டைக் கொளுத்தினாலும் வீட்டுப் பிள்ளையாகவே இருக்கும். எடுத்த பிள்ளைக்கு அந்தச் சலுகை இல்லை.

இந்தியாவில் வளர்ப்புப் பராமரிப்பு என்று ஒரு வழி இருப்பதே நம்மில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. தத்து இல்லை அது. குழந்தை நலக் குழுவின் உத்தரவோடு ஒரு குழந்தையை நம் வீட்டில் வைத்து வளர்ப்பது. 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. முன்பு கணவன், மனைவி சேர்ந்து இருந்தால்தான் முடியும். 2024ல் திருத்திய வழிகாட்டுதல்களில், திருமணம் ஆகாதவர்கள், கணவரை இழந்தவர்கள், விவாகரத்து ஆனவர்கள், பிரிந்து வாழ்பவர்கள் என்று தனியாக இருக்கிற யாரும், 35 வயதிலிருந்து 60 வயது வரைக்கும், விண்ணப்பிக்கலாம் என்று ஆனது. தனியாக இருக்கும் பெண் ஆண் குழந்தையையும் வளர்க்கலாம், பெண் குழந்தையையும் வளர்க்கலாம். தனியாக இருக்கும் ஆண் என்றால் ஆண் குழந்தை மட்டும். தத்தெடுக்க யாரும் வராமல் ஆறு வயதைத் தாண்டிவிட்ட, அப்பா அம்மா எட்டிப் பார்க்காத குழந்தைகளுக்குத்தான் பெரும்பாலும் இந்த ஏற்பாடு. இரண்டு வருடம் வளர்த்தபின் அந்தக் குழந்தையையே தத்தெடுக்கவும் வழி இருக்கிறது. முன்பு அது ஐந்து வருடமாக இருந்தது.

அதாவது நாவலின் எலிசபெத் இன்று செவ்வாய்ப்பேட்டையில் இருந்தால் சட்டப்படி தடையில்லை. எலிசபெத்துகள் இருக்கவும் செய்கிறார்கள். மகன் பெங்களூருவில், மகள் கலிபோர்னியாவில், மாடியில் இரண்டு அறை பூட்டியபடி, வெள்ளிக்கிழமை தவறாமல் நான்கு முழம் வாங்கி அம்மனுக்கு இரண்டு, படத்துக்கு ஒன்று, மீதி ஒன்றை வைத்துக்கொள்ள வீட்டில் பெண் பிள்ளை இல்லாமல் வேலைக்காரம்மாவிடம் கொடுத்துவிடுகிற அக்காக்கள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது, போய்க் கேளுங்கள் என்று அவர்களில் ஒருவரிடமாவது நாம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தப்பித்தவறி யாராவது சொன்னால் என்ன நடக்கும் என்றும் நமக்குத் தெரியும். முதலில், சொந்தக்காரங்க என்ன சொல்லுவாங்க என்று வரும். அப்புறம், நாளைக்கு வீட்டுல பங்கு கேட்டு நின்னா என்ன பண்றது என்று வரும். வளர்ப்புப் பராமரிப்பில் வரும் குழந்தைக்கு உங்கள் சொத்தில் உரிமை வராது, தத்தெடுத்தால்தான் வரும் என்று அதற்குப் பதில் சொல்லலாம். பதிலைக் கேட்டு நிம்மதியாகத் தலையாட்டிவிட்டு, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, அடுத்ததைக் கேட்போம்: 'அது சரிங்க, என்ன ஆளுங்க புள்ள?'